சிவப்பு கிளிப்

"நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துட்டு வாம்மா" என்று சித்தப்பா சொன்னதும் அவள் நேராகப் பின்வாசலுக்குத்தான் போனாள். அப்பாவிடம் நல்ல சட்டை என்று சொல்லிக்கொள்ள அந்த நீலச் சட்டை ஒன்றுதான் இருந்தது. அது கொடியில் கிடந்தது. நேற்றுக் காலை அம்மா துவைத்துப் போட்டது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்குத் துணி எடுக்கிற நினைப்பு வரும்? ஒரு முழு நாள் கிடந்து சட்டை விறைத்துப் போயிருந்தது. இடது தோளில் இருந்த மரக் கிளிப்பைக் கழற்றிவிட்டு வலது தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கே சிவப்பு கிளிப் இருந்தது.

கழற்றிய மரக் கிளிப்பைப் பழையபடி மாட்டினாள். சட்டையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து, "அது இன்னும் காயல சித்தப்பா" என்றாள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அலமாரியில் இருந்து காலர் நைந்த வெள்ளைச் சட்டை ஒன்றை அவரே எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

அந்தச் சிவப்பு கிளிப்புக்கு அந்த வீட்டில் ஒரு வேலை உண்டு. அது துணி மாட்டுகிற வேலை இல்லை.

அப்பா பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டவர்கள், அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோனவர்கள், எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திநாலு வருஷமாக அவரை இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் சுமந்தது ஒரு சின்ன டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். மகளைவிட அது இரண்டு வயது இளையது. அதனால் வீட்டில் அதற்குத் தங்கச்சி என்று பெயர். "தங்கச்சிக்கு எண்ணெய் ஊத்தினியா?" என்றுதான் அப்பா மகளிடம் கேட்பார்.

மற்ற வண்டிகளுக்கு எண்ணெய் தனியாக எஞ்சின் அடியில் கிடக்கும், எப்போதாவது மாற்றினால் போதும். தங்கச்சியின் சங்கதி அப்படி இல்லை. பெட்ரோல் போடும்போதெல்லாம் கையோடு எண்ணெயையும் அளந்து டேங்கில் ஊற்றிக் கலக்க வேண்டும். அந்தக் கலவைதான் உள்ளே போய் எல்லாவற்றையும் நனைக்கும். கூடினால் பிளக் கறுத்துப் போகும். குறைந்தால் பிஸ்டன் காய்ந்து, சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே கவ்விக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு முப்பது மில்லி என்பது அப்பாவின் கணக்கு. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோட்டைத் தொடும்வரை ஊற்றுவார். ஒரு சொட்டு தாண்டிவிட்டால் அந்த ஒரு சொட்டைத் திரும்ப பாட்டிலுக்குள் விடுவார். இதைப் பார்த்துத்தான் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அவருக்குச் சொட்டு என்று பெயர் வைத்தார். தெருவே அப்படிக் கூப்பிட்டது. அப்பாவுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மகளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் வெறும் வயிற்றில் இருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். ஒன்பது மணி வரை வண்டி அவளுக்கு, அதற்குப் பிறகு அப்பாவுக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவளும் எண்ணெய் ஊற்றி, அது தெரியாமல் அவரும் ஊற்றி, இரண்டு நாள் வண்டி தெருவையே புகை போட்டது. அதன் பிறகுதான் அப்பா அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அம்மா வாங்கிய துணிக் கிளிப்புகளில் சிவப்பாக ஒன்றை எடுத்து வண்டிப் பெட்டியில் போட்டார். டேங்கில் வெறும் பெட்ரோல் இருந்தால், கிளச் லீவரில் சிவப்பு கிளிப் இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றியவர்தான் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட வேண்டும். வண்டியை எடுக்கிறவர் கை முதலில் போகிற இடம் கிளச். அங்கே கிளிப் இல்லையென்றால் யோசிக்காமல் கிளம்பலாம். மூன்று வருஷம் இதில் ஒரு பிசகு வந்ததில்லை.

கூடவே வாங்கிய மற்ற சிவப்பு கிளிப்புகள் வெயிலில் நொறுங்கிப் போய், அம்மா மரக் கிளிப்புக்கு மாறிவிட்டாள். நிழலில் இருந்ததால் இது ஒன்று மட்டும் பிழைத்துக் கிடந்தது.

முந்தாநாள் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. ஒரு வீட்டில் ரத்தம் எடுக்கப் போனபோது, "உன் மேல என்னம்மா இவ்வளவு புகை நாத்தம்" என்று ஒரு பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவமானம் தாங்காமல், புகை குறைவாக வரும் என்று கடைக்காரர் சொன்ன வேறு எண்ணெயை அவள் வாங்கி வந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். சில எண்ணெய் ஒன்றோடொன்று சேராது, பால் மாதிரி திரிந்துகொள்ளும், பழையதன் மேல் புதியதை ஊற்றக் கூடாது என்றார். நான் பார்த்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் இரண்டையும் தொடாதே என்றார். உங்களுக்கு என்னைவிட அந்த வண்டிதான் பெரிசு என்று அவள் கத்தினாள். அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு அவருடன் பேசவில்லை.

நேற்றுக் காலை கடைசி வீட்டுக்குப் போகும்போதே வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டது. தெருமுனை பங்க்கில் மூன்று லிட்டர் போட்டாள். எண்ணெய் பாட்டில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ரெண்டையும் தொடாதேன்னு சொன்னவர் அவரே ஊத்திக்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் நினைத்தது. வண்டியைப் பின்வாசலில் நிறுத்தி, கிளச்சில் கிளிப்பை மாட்டி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. யார் வீட்டிலோ குழந்தை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டதாம். "போயிட்டு வரேன்" என்று அப்பா அவள் அறைப் பக்கமாகப் பார்த்துச் சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்ததாகக் காதில் விழுந்தது ஒரே உதையில் வண்டி கிளம்பிய சத்தம். எண்ணெய் ஊற்றிக் கலக்கிக் கிளம்ப இரண்டு நிமிஷமாவது ஆகும். அது அரைத் தூக்கத்தில் இருந்தவளுக்கு உறைக்கவில்லை. நேற்று மத்தியானத்தில் இருந்து அது மட்டும்தான் உறைத்துக்கொண்டிருக்கிறது.

பதினோரு கிலோமீட்டர். பாலத்தின் ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்றுபோனதாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்னால் வேன். குழந்தை தானாகவே தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது, வர வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டம்மா கூப்பிட்டபோது, போன் ரோட்டில் கிடந்து அடித்திருக்கிறது.

இரவு முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டேனா, போடலையா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. போட்டிருக்கிறாள். துணி உலர்த்த வந்த அம்மாவுக்குக் காற்றில் ஒரு கிளிப் குறைந்திருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரத்தில் வண்டி நின்றிருக்கிறது. அப்பா ஒருநாளும் கொடிப் பக்கம் போனவர் இல்லை. அம்மா ஒருநாளும் அந்த வண்டியை ஓட்டியவள் இல்லை. அந்தச் சட்டம் அவளுக்குக் காதால் கேட்டதுதான், வேலை அவசரத்தில் அவள் கைக்கு எல்லாக் கிளிப்பும் துணிக் கிளிப்தான். சட்டை காய்ந்ததும் திரும்ப மாட்டிவிடலாம் என்று நினைத்திருப்பாள்.

அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. அப்பா போனது போதும். யார் கண்ணிலும் படாமல் அந்தக் கிளிப்பை எடுத்து எங்காவது எறிந்துவிட வேண்டும். ஆனால் பின்வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று கூடத்துக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாகக் கழுவிவிட்டிருந்ததால் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போயிருந்தது. வாழ்நாள் முழுக்கச் சோப்புப் போட்டும் போகாத கறுப்பு. யாரோ ஒருவருடைய கை மாதிரி இருந்தது. மயானத்துக்கு வண்டி நாலு மணிக்கு வரும் என்று சித்தப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். சித்தப்பாவைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசினார். நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவருக்குத் தணிந்த குரல் என்று ஒன்று கிடையாது.

"டேங்கத் தொறந்து பார்த்தேன். வெறும் பெட்ரோல். எண்ணெய் வாசமே இல்ல. சைலன்சரக் கழட்டிப் பார்த்தா பிஸ்டன் பூரா கோடு கோடாக் கிழிச்சிருக்கு. சொட்டு எப்படி மறந்தார்னுதான் எனக்குப் புரியல."

நாற்காலியில் இருந்த யாரோ, வயசாகிறது இல்லையா என்றார்.

"அவர் மறக்க மாட்டார்" என்றாள் அம்மா.

காலையில் இருந்து அவள் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா வந்து மகளின் தோளில் கை வைத்தார். அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீதானே பெட்ரோல் போட்ட?"

"ஆமா."

"எண்ணெய் ஊத்தினியா?"

"இல்ல."

"அப்ப கிளிப்?"

போட்டேன் என்று சொன்னால் அது எங்கே போனது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான பதில் பின்வாசலில், எல்லோரும் பார்க்கக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா மறந்தார் என்று ஆகிவிடவும் அவளுக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷனிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு பெருமைதான்.

"போடலம்மா. மறந்துட்டேன்."

அவள் தோளில் இருந்த கையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு பெண் மூச்சை இழுத்தது கேட்டது. அம்மா மட்டும் அசையாமல் அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள், ஓர் அறை விழுந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அம்மாவின் பார்வை மெல்ல அவளை விட்டு நழுவி, பின்வாசல் பக்கம் போனது. கிளிப் என்று தன் வாயாலேயே சொன்ன பிறகு எதையோ நினைவுக்குக் கொண்டுவருகிறவள் மாதிரி இருந்தாள்.

"மூஞ்சி கழுவிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

மகளும் பதறி எழுந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இப்ப நீ போகாத. அவங்களைக் கொஞ்சம் தனியா விடு." அந்தப் பிடியில் அன்பு இல்லை. பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்துக் குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது.

அம்மா வந்தாள். முகத்தில் துளி ஈரம் இல்லை. உட்காராமல், மெக்கானிக்கைப் பார்த்து, கூடத்தில் உள்ள எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"இவ கிளிப் போட்டா. நான் என் கண்ணால பார்த்தேன். அவர்தான் எண்ணெய் ஊத்தணும்னு கழட்டினார். அதுக்குள்ள அந்த போன் வந்துச்சு. குழந்தை மாட்டிக்கிச்சுன்னதும் போட்டது போட்டபடி ஓடினார். மறந்துட்டார்."

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அவசரத்தில் யாருக்கும் வருகிறதுதான் என்றார் மெக்கானிக். போனே இப்படித்தான், எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்று வயசைப் பற்றிச் சொன்ன அதே ஆள் ஆரம்பித்தார். சித்தப்பாவின் கை அவள் தோளுக்குத் திரும்பி வந்தது. பைத்தியக்காரப் பெண்ணே, இல்லாத பழியை ஏன் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாய் என்று காதோரமாகக் கடிந்துகொண்டார். பக்கத்து வீட்டு அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். இல்லை என்று ஒரே ஒரு சொல், அதை மகளால் சொல்ல முடியவில்லை.

கூடத்தில் இருந்து அது வாசலுக்குப் போய், வாசலில் இருந்து தெருவுக்கும் போய்விட்டது. சொட்டு எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டாராம். கேட்டவர்கள் எல்லோரும் முதலில் நம்பவில்லை, பிறகு உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார், கெட்ட எண்ணத்தில் இல்லை. இரண்டு மணிக்குள் அது முடிந்துபோன விஷயம் ஆகிவிட்டது. வருகிற ஆட்கள் கேட்பதும் அம்மா சொல்வதும் ஒரே மாதிரி நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் ஊத்த மறந்துட்டார். எண்ணெய் ஊத்த மறந்துட்டார்.

அவர் மட்டும் மறுத்துப் பேசாமல் படுத்திருந்தார். அங்கே கூடியிருந்தவர்களிலேயே ஒரு தப்பும் செய்யாதவர் அவர் ஒருவர்தான்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் விளிம்பில், உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெயும் பெட்ரோலும். பாட்டிலில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் அப்பாவின் சின்ன எழுத்து: பழசு பாதி, புதுசு பாதி. காலை 7.10. ஒரு நாள் விட்டுப் பார்க்க.

ஒரு நாள் ஆகியிருந்தது. அவள் அதை அப்பா மாதிரியே கண்ணுக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் படியவில்லை, மேலே மிதக்கவில்லை, திரியவும் இல்லை. இரண்டு எண்ணெயும் ஒன்றாகிச் சுத்தமாக இருந்தன. ஊற்றியிருக்கலாம். எதை ஊற்றியிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாகக் கொடி தெரிந்தது. பின்வாசலில் இப்போது ஆள் இல்லை. போய் எடுத்துவிடலாம் என்று கதவு வரைக்கும் போனாள். நீலச் சட்டை காற்றில் புரண்டது. அதன் இடது தோளில் மரக் கிளிப் இருந்தது. வலது தோளிலும் மரக் கிளிப் இருந்தது. பக்கத்தில் இருந்த துண்டு ஒரே கிளிப்பில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே விழுந்திருக்குமோ என்று தரையைப் பார்த்தாள். இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தாள்.

தண்ணீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அம்மாவுக்கு முன்னால் புதிதாக ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். எப்போதோ அலமாரிச் சாவியைத் தொலைத்தவள், அப்பா போய்த் திறந்து கொடுத்திருக்கிறார். எப்படி ஆச்சு என்று கேட்டாள்.

"எண்ணெய் ஊத்த மறந்துட்டார்" என்றாள் அம்மா.

"அவரா? அவ்வளவு நிதானமான மனுஷனா?" அந்த அம்மாள் நம்ப முடியாமல் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

அம்மாவும் மகளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் அவள். "மறந்துட்டார்."

தட்டில் இருந்து ஒரு தம்ளரை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை மடியில், இறுக மூடியபடியே இருந்தது.